பணம் வரும்வரை யார் சோறு போடுவது?

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் 1993ஆம் வருசத்து எம்.ஏ. விண்ணப்பம் ஒன்று கிடக்கிறது. எல்லாக் கட்டமும் நிரப்பியது. போட்டோ ஒட்டியது. கெசட்டட் ஆபீசர் கையெழுத்துக்கூட வாங்கியாச்சு. கொடுக்காதது.

சரவணம்பட்டி அப்போது கோவை மாநகராட்சியில் சேராத ஊர். 2011இல்தான் சேர்த்தார்கள். சத்தி ரோட்டை விட்டு இறங்கினால் சோளக்காடும் கிணத்துத் தோட்டமும். தோட்டம் கவுண்டர்களுடையது, கூலி எங்களுடையது. ஊரைச் சுற்றிக் கல்லூரிகள் எழும்பியபோது எங்கள் தெரு ஆட்கள் அங்கே மண் சுமந்தார்கள். அந்த அருந்ததியர் தெருவில் பி.ஏ. முடித்த மூன்றாவது ஆள் நான். வரலாறு. இரண்டாம் வகுப்பு, ஆனால் நல்ல இரண்டாம் வகுப்பு என்று எங்கள் வாத்தியார் ஒருத்தர் சொன்னார். எம்.ஏ.வுக்குப் போடச் சொல்லி, விண்ணப்பத்துக்கான காசையும் அவரே கொடுத்தார்.

அன்றைக்கு ராத்திரி அப்பன் கேட்டார்:

"ஸ்காலர்சிப்பு வரும்கிறே. செரி, வரட்டும். அது வர்ற வரைக்கும் யாரு கண்ணு சோறு போடறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் பி.ஏ. படித்த மூன்று வருசமும் ஜூலையில் தொடங்கிய படிப்புக்கு மார்ச்சில்தான் உதவித்தொகை வந்தது. ஒரு வருசம் பரீட்சை முடிந்த பிறகு வந்தது. அதுவரை மெஸ் பில், பரீட்சைக் கட்டணம், பஸ் காசு எல்லாம் கடன். கல்லூரி எது என்று சொல்லப் போவதில்லை. எந்தக் கல்லூரியில் படித்த தலித் மாணவனைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வான். விண்ணப்பம் பெட்டிக்குள் போனது. நான் கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் அச்சு மண் பிசையப் போனேன்.

நம் பிள்ளைகள் மேற்படிப்புக்கு ஏன் வருவதில்லை என்று அரங்கக் கூட்டங்களில் பேசும்போதெல்லாம் 'ஆர்வமின்மை' என்ற சொல்லைக் கேட்கிறேன். 'தாழ்வு மனப்பான்மை' என்று இன்னொன்று. நம் தோழர்களே சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வரும். படிக்கலாமா, வேலைக்குப் போகலாமா என்ற தயக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு பெரும்பாலும் காத்திருப்பின் வரலாறு. அதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். இரட்டைமலை சீனிவாசன் படித்தது கோயம்புத்தூரில். இந்தச் செய்தி கோவைக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1939இல் வெளியிட்ட தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் எழுதுகிறார். ஆனால் அந்தக் கொஞ்சம் போதும். கலாசாலையில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பார்ப்பனர்கள். யாருடனாவது சிநேகமானால் சாதி என்ன, குடியிருப்பது எங்கே, சொந்தக்காரர் யார் என்று கேட்பார்களே என்ற பயம். அதனால் வகுப்பு தொடங்கும் மணி அடிக்கும்வரை வெளியிலேயே படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். விட்டதும் மற்ற பையன்கள் எட்டிப்பிடிக்க முடியாதபடி வேகவேகமாக வீட்டுக்கு நடப்பார்.

பின்னாளில் 'பறையன்' பத்திரிகை நடத்தியவர், வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர், எங்கள் கோயம்புத்தூர்த் தெருவில் ஓட்டமாக நடந்திருக்கிறார். படிப்பு முடிந்து நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கணக்கு எழுதப் போனார். கல்லூரிக்குள் நுழைவதற்குக் காசும் மார்க்கும் மட்டும் போதாது, ஒளிந்துகொள்ளும் திறமையும் வேண்டும் என்ற நிலைமை அன்றைக்கே இருந்தது. ஒளிந்துகொண்டே படிக்கிறவனிடம் 'ஏன் நீ சந்தேகம் கேட்பதில்லை' என்று கேட்டால் என்ன சொல்வான்?

அவர் நடந்த காலத்தில் எங்கள் பாட்டன்மார் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. கொங்கு நாட்டில் அருந்ததியர் வேலை என்பது தோட்டத்துப் பண்ணையம், செத்த மாடு, தோல். கிணற்றில் கவலை இறைக்கத் தோல் பறியும் தும்பியும் தைத்துக் கொடுப்பது எங்கள் ஆட்கள்தான். அது கிழிந்தால் தோட்டமே காயும். அவ்வளவு முக்கியமான வேலை, ஆனால் தைத்தவன் கிணற்றில் இறங்கக் கூடாது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. கோயம்புத்தூரில் மில்கள் பெருகின, தோட்டங்களுக்குக் கரண்ட் மோட்டார் வந்தது. எங்கள் தாத்தன் கைத்தொழில் ஒரு தலைமுறைக்குள் செத்துப்போனது. நல்லதுதான், அந்தத் தொழிலுக்காக நான் அழவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக மில் கேட் எங்களுக்குத் திறந்ததா என்றால் அதுவும் பெரிதாக இல்லை. திரும்பவும் காட்டுக்கூலிதான். சென்னையில் எல்.சி. குருசாமி போன்றவர்கள் இரவுப் பள்ளி நடத்தி, சட்டசபையிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் சரவணம்பட்டிக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது.

எனக்கு அம்பேத்கர் வாழ்க்கை தெரிய வந்தது 1991இல், நூற்றாண்டு விழாவின்போது. அப்போது எல்லோரும் பேசியது அவர் வாங்கிய பட்டங்களைப் பற்றி. கொலம்பியா, லண்டன், பாரிஸ்டர். மேடையில் பட்டங்களை வரிசையாகச் சொல்லுவார்கள், நாங்கள் கை தட்டுவோம். அந்தப் பட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஓட்டைகளை யாரும் சொல்லவில்லை. அதை நான் பின்னால், பவுண்டரியில் வேலை பார்த்துக்கொண்டே வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

1912இல் பி.ஏ. முடிக்கிறார். 1913 ஜனவரியில் பரோடா சமஸ்தானத்து வேலைக்குப் போகிறார், அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. பிப்ரவரி 2ஆம் தேதி அப்பா இறந்துபோகிறார். குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்த அந்த நேரத்தில்தான் பரோடா மகாராஜா அமெரிக்காவுக்கு அனுப்பும் உதவித்தொகை கிடைக்கிறது. மாதம் 11.50 பவுண்டு, மூன்று வருசத்துக்கு. ஜூன் 4ஆம் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்: படித்து முடித்ததும் பத்து வருசம் பரோடாவில் வேலை பார்க்க வேண்டும். ஜூலையில் நியூயார்க்.

அந்தக் கையெழுத்தை நினைத்துப் பார்க்கிறேன். வயது 22. அப்பா இல்லை. வீட்டில் மனைவி ரமாபாய். அந்தப் பணத்தில்தான் அங்கே சாப்பிட வேண்டும், புத்தகம் வாங்க வேண்டும், இங்கே வீட்டுக்கும் ஏதாவது அனுப்ப வேண்டும். படிப்பு என்று நாம் சொல்வது அவருக்குப் பத்து வருச ஒப்பந்தக் கடன்.

1915இல் எம்.ஏ. முடிந்தது. 1916இல் லண்டன் போனார், கிரேஸ் இன்னிலும் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது, பணம் நின்றது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். நான்கு வருசத்துக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது. தனியாக அனுப்பிய புத்தக மூட்டைகள் ஏறிய கப்பலைக் குண்டு போட்டு மூழ்கடித்துவிட்டார்கள், உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒப்பந்தப்படி பரோடாவுக்குப் போனால் குடியிருக்க வீடு தர ஆளில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கி, கண்டுபிடிக்கப்பட்டு, தடியோடு வந்தவர்களால் விரட்டப்பட்டார். கொலம்பியாவில் படித்தவர்! சீனிவாசன் கோயம்புத்தூரில் பயந்தது எதுவோ அது அம்பேத்கருக்குப் பரோடாவில் நடந்தது.

பிறகு 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் ஷாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920 ஜூலையில் திரும்ப லண்டன். 1921இல் எம்.எஸ்ஸி., 1923இல் டி.எஸ்ஸி.

1917க்கும் 1920க்கும் இடையில் மூன்று வருசம். அந்த மூன்று வருசத்தில் அவர் அறிவு குறையவில்லை, ஆர்வம் குறையவில்லை. பணம் நின்றது, அவ்வளவுதான். அந்த இடைவெளியைத் தாண்ட ஒரு மன்னரும் ஒரு பார்சி நண்பரும் ஒரு பேராசிரியர் சம்பளமும் தேவைப்பட்டன. நமக்கு எத்தனை மன்னர்கள், எத்தனை பத்தேனாக்கள்?

அவர் இதை மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். 1942இல் வைஸ்ராய் நிர்வாக சபை உறுப்பினரானதும், அந்த அக்டோபரிலேயே தாழ்த்தப்பட்டோர் குறைகளைப் பற்றி ஒரு மனு கொடுக்கிறார். அதில் உயர்கல்விக்கு, அதிலும் அறிவியல் தொழில்நுட்பப் படிப்புக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும், பணம் கேட்கிறார். அதையொட்டி ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் தொடங்கிய அந்த உதவித்தொகைதான் இன்றைக்கு நாம் 'போஸ்ட் மெட்ரிக்' என்று சொல்வது. நான் மார்ச் மாதம் வரிசையில் நின்று வாங்கியது அந்தக் காசின் வாரிசு.

ஆனால் அதற்கு என்ன செய்தார்கள்? ஒரு ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி வருசத்தில் எவ்வளவு செலவானதோ அதை அடுத்த ஐந்து வருசமும் மாநிலமே சுமக்க வேண்டும், அதற்கு மேல் ஆகிற தொகையைத்தான் மத்திய அரசு தரும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். படிக்கிற பிள்ளைகள் கூடக்கூட மாநிலத்தின் சுமை கூடும், பாக்கி நிற்கும். 2020 டிசம்பரில்தான் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று மாற்றினார்கள். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு அப்படியே நின்றது. புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் கம்பெனியில் கூட்டிப் பெருக்கினால் அந்த வரம்பைத் தொட்டுவிடுவார்கள்.

சான்றிதழ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் சமூகத்துக்கு அரசுப் பட்டியலில் ஏழு பெயர்: அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரா. எங்கள் வீட்டிலேயே எனக்கு ஒரு பெயர், அக்காவுக்கு ஒரு பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் எதை எழுதினாரோ அதுதான். சித்தப்பா ஒருத்தருக்கு 'ஆதிதிராவிடர்' என்றே எழுதிவிட்டார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எல்லாம் 18 சதவீதம்தானே என்று இருந்துவிட்டோம். 2009இல் அந்த 18க்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அப்போதுதான் சித்தப்பா பிள்ளைகள் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். அந்தச் சட்டம் நிற்குமா நிற்காதா என்ற வழக்கு வேறு. உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி. பதினைந்து வருசம் ஒரு தலைமுறை மாணவர்கள், கோர்ட்டில் கிடக்கும் சட்டத்தை நம்பி விண்ணப்பம் போட்டார்கள்.

விண்ணப்பத்தில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ். நான் 1993இல் முதலில் 'தெலுங்கு' என்று எழுதி அடித்துவிட்டுத் 'தமிழ்' என்று எழுதியிருக்கிறேன். எதற்குப் பயந்து அடித்தேன் என்று இப்போது ஞாபகமில்லை. ஏதோ ஒரு ஆபீசர் கேள்வி கேட்பார் என்று இருந்திருக்கலாம்.

இதுவரை சொன்னது உள்ளே போவதற்கு முந்தைய கணக்கு. போன பிறகு நடப்பதும் இப்போது அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

செந்தில்குமார், சேலம் மாவட்டத்துக்காரர், பன்னியாண்டி சமூகம். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் படிப்பில் சேர்ந்தவர். ஆய்வுக்கு வழிகாட்டி ஒதுக்கப்படாமலே இருந்தார். 2008 பிப்ரவரியில் விடுதி அறையில் இறந்துகிடந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17ஆம் தேதி ரோகித் வெமுலா. அவருடைய கடைசிக் கடிதத்தில்கூட ஏழு மாத உதவித்தொகை பாக்கி, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், என்ற கணக்கு இருக்கிறது. அடுத்த வருசம் மார்ச்சில் டெல்லியில் முத்துக்கிருஷ்ணன், இவரும் சேலம். சில்லறை வேலைகள் செய்து காசு சேர்த்து, பலமுறை நுழைவுத் தேர்வு எழுதித்தான் ஜே.என்.யு.வுக்குள் போனவர். படித்தது வரலாறு, என்னைப் போல.

அந்த மார்ச்சில் எங்கள் தெருவில் ஒரு அம்மா என்னிடம் கேட்டது: "ஏனுங் வாத்தியாரே, பெரிய படிப்புக்குப் போனா பசங்க உசுரோட திரும்பி வருவாங்களா?" இந்தக் கேள்விக்கு 'தாழ்வு மனப்பான்மை' என்று பெயர் வைப்பவர்கள் வைக்கட்டும்.

என் கதையை முடித்துவிடுகிறேன். மூன்று வருசம் பவுண்டரி. பிறகு தபால் வழியில் எம்.ஏ., பி.எட்., அரசுப் பள்ளி வேலை. நஷ்டம் என்று பெரிதாக இல்லை. ஆனால் 1993இல் நான் படிக்க நினைத்தது எங்கள் பகுதிப் பண்ணையத்தின் வரலாற்றை. அப்போது கவலை இறைத்த கிழவர்கள் பத்துப் பதினைந்து பேர் உயிரோடு இருந்தார்கள். எனக்கு நேரமும் சம்பளமும் கிடைத்தபோது ஒருத்தரும் இல்லை. உதவித்தொகையைப் பிந்திக் கொடுத்தாலும் கொடுத்ததுதானே என்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். செத்தவர்களைப் பிந்திப் பேட்டி எடுக்க முடியாது.

இப்போது என் அக்கா மகள் அதே இடத்தில் நிற்கிறாள். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டாள். சோளக்காடு இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள். அதில் ஒன்றில் அக்கா தரை துடைக்கிறாள், கான்ட்ராக்ட். இன்னொன்றில் மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை தயார், முதல் மாதமே சம்பளம். இந்தப் பக்கம் பிஎச்.டி. விண்ணப்பம்.

இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 2005இல் தொடங்கிய ராஜீவ் காந்தி ஃபெலோஷிப்பில் நெட் தேர்வு இல்லாமலே ஆண்டுக்கு 1,333 தலித் மாணவர்கள் ஆராய்ச்சிக்குப் போக வழி இருந்தது. பெயர் மாறியது, பிறகு அதற்கும் நெட் தேர்வு கட்டாயமானது. எம்.ஃபில். என்ற நடுப்படியை 2022இல் எடுத்துவிட்டார்கள். அந்தப் படியில் நின்று, நம்மால் முடியுமா என்று பார்த்துவிட்டு மேலே ஏறியவர்கள் நம் ஆட்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம். வெளிநாடு என்றால் 1954இல் தொடங்கிய தேசிய வெளிநாட்டு உதவித்தொகை. நாடு முழுமைக்கும் 125 இடம். 2022 விதிகளில் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குக் கிடையாது என்று எழுதினார்கள். அவளுக்கு இயற்பியல், தப்பித்தாள். என்னைப் போல் ஒருவன் இன்றைக்கு விண்ணப்பித்தால், உன் பாட்டன் கதையைத் தவிர வேறு எதையாவது படி என்று அர்த்தம். அமெரிக்காவில் பல பிஎச்.டி. படிப்புகளில் கட்டணம் இல்லாமல் மாதப் பணமும் கொடுக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணம், ஆங்கிலப் பரீட்சைக்குக் கட்டணம். வாசலில் நிற்பதற்கே அக்காவின் இரண்டு மாதச் சம்பளம் வேண்டும்.

2024இல் உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலியின் மகன் ஒருவன் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்து, 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் கட்ட முடியாமல் சில நிமிசங்களில் இடத்தை இழந்தான். உச்ச நீதிமன்றம்வரை போய்த்தான் திரும்ப வாங்கினான். அவனுக்கு அந்தக் கோர்ட் கிடைத்தது.

'எதையும் யோசிக்காதே, போய்ப் படி' என்று தோழர்கள் அவளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்பேத்கரே யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டார். பணம் நின்றபோது கப்பல் ஏறினார், சம்பாதித்துவிட்டுத் திரும்பிப் போனார். கணக்குப் பார்ப்பது கோழைத்தனம் என்று சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவன் சொல்லலாம். அதே சமயம், வேலைக்குப் போ என்று சொல்லவும் என் வாய் வரவில்லை. தகரப் பெட்டி அங்கேயே இருக்கிறது.

போன ஞாயிறு அவள் அந்தப் பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தாள். "ஏன் மாமா, இத்தனையும் எழுதிப்போட்டுக் கடைசீல குடுக்காம வெச்சுட்டீங்க?" என்றாள். தாத்தன் கேட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கம்பெனியில் சேர்வதை ஆறு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டு மெயில் போட்டிருப்பதாகச் சொன்னாள். பதில் வரவில்லை.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆறு மாசத்துக்கு நான் பாத்துக்கறேன் சாமி. அதுக்கு மேல உங்க மாமனைக் கேளு."

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி 15. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவையில் மனுப் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் நிலுவை என்றுதான் காட்டுகிறது.